டபுள்ஸ் மட்டும் ஆடக் கிளம்புகிறீர்களா? தொழில்முறை டென்னிஸில் முதல் வருடத்துக்கான வழிகாட்டி

சிங்கிள்ஸில் மூன்று வருடம் முட்டி மோதிவிட்டு, 23 வயதில் டபுள்ஸ்தான் நமக்குச் சரி என்று முடிவெடுத்தேன். சர்வீஸ், வாலி, ரிட்டர்ன் எல்லாம் ஓரளவு கைவசம் இருந்தன. ஆனால் எந்தத் தாளை எப்போது கொடுப்பது, எந்த வாரம் யாரோடு பெயர் கொடுப்பது, கையில் எவ்வளவு இருந்தால் கிளம்பலாம் என்று சொல்ல ஆள் இல்லை. அந்த முதல் வருடத்தில் வீணான பணமும் வாரங்களும் இன்னொருவருக்காவது மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். டபுள்ஸில் உங்கள் தரவரிசையை மட்டும் வைத்து எதுவும் நடக்காது. உங்கள் எண்ணையும் ஜோடியின் எண்ணையும் கூட்டினால் வருவதுதான் உங்கள் எண். எந்த ஊருக்குப் போவது, எப்போது டிக்கெட் போடுவது, யாரிடம் பேசுவது எல்லாம் அந்தக் கூட்டுத்தொகையில் அடங்கியிருக்கிறது. நான் இதைப் புரிந்துகொள்ள எட்டு மாதம் ஆனது.

1. முதலில் நோட்டை எடுத்துக் கணக்குப் போடுங்கள்

ஆண்களுக்கான முதல் படி ஐடிஎஃப் (சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு) நடத்தும் உலக டென்னிஸ் சுற்றின் எம்15, எம்25 போட்டிகள். எம்15 என்றால் போட்டியின் மொத்தப் பரிசுத்தொகை 15,000 டாலர். பெண்களுக்கு டபிள்யூ15, அடுத்து டபிள்யூ35. குறைந்தபட்ச வயது 14. பதினெட்டு வயது ஆகாத பெண்கள் வருடத்தில் எத்தனை போட்டி ஆடலாம் என்பதற்குத் தனி வரம்பு இருக்கிறது, வீட்டில் அப்படி ஒரு பெண் இருந்தால் அதை முதலில் பாருங்கள்.

15,000 டாலர் என்றதும் பெரிய தொகையாகத் தெரியும். அதில் பெரும்பங்கு சிங்கிள்ஸுக்குப் போகிறது. எம்15 டபுள்ஸ் பட்டத்தை வென்றால் ஜோடிக்கே ஆயிரம் டாலருக்குள்தான் வரும். அதை இரண்டாகப் பிரித்து, அந்த நாட்டு வரியும் பிடித்தால் ஒருவர் கையில் நிற்பது முப்பதாயிரம், நாற்பதாயிரம் ரூபாய். அதுவும் கோப்பையைத் தூக்கினால்.

இப்போது செலவுப் பக்கம். துருக்கியின் அன்டால்யா, துனிசியாவின் மொனாஸ்டிர், எகிப்தின் ஷார்ம் எல் ஷேக் போன்ற ஊர்களில் ஒரே இடத்தில் வாராவாரம் தொடர்ந்து போட்டி நடக்கும். ஒருமுறை போனால் மூன்று வாரம் ஆடலாம் என்பதால் செலவு குறைவு. நான் போன மூன்று வாரப் பயணத்தின் கணக்கு இது: விமான டிக்கெட் 60,000 ரூபாய்க்கு மேல். இருவர் சேர்ந்து ஓர் அறை, மூன்று வேளைச் சாப்பாட்டோடு தலைக்கு ஒரு நாளைக்கு ஐம்பது யூரோவுக்கு முன்பின், 21 நாளைக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் விசா, காப்பீடு, நுழைவுக் கட்டணம், ராக்கெட்டுக்கு ஸ்ட்ரிங் போடும் கூலி. சுருக்கமாக, இரண்டு லட்சம் ரூபாய்.

ஆகவே எம்15 டபுள்ஸ் ஆடிச் சம்பாதிப்பது என்ற எண்ணமே வேண்டாம். அங்கே நீங்கள் வாங்கப் போவது தரவரிசைப் புள்ளி. முதல் வருடத்துக்குக் குறைந்தது மூன்று வெளிநாட்டுப் பயணத்துக்கும், ஆறேழு இந்தியப் போட்டிகளுக்குமான பணம் கையில் இருக்கும்போது கிளம்புங்கள். ஒரு பயணத்துக்கு மட்டும் பணம் சேர்த்து, ‘ஜெயித்து அடுத்ததைப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று போனவர்களில் நானும் ஒருவன். அந்தப் பதற்றம் ரிட்டர்ன் ஆடும் கையில் தெரியும்.

தமிழ்நாட்டு ஆட்டக்காரர்கள் தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளையில் பயண உதவிக்கு விண்ணப்பிக்கலாம். முடிவு வருவதற்கு நேரம் பிடிக்கும், ஆகவே பயணத்துக்கு மாதக்கணக்கில் முன்பே போடுங்கள். இந்திய டபுள்ஸ் ஆட்டக்காரர் ரோகன் போபண்ணா தொடங்கிய ‘டபுள்ஸ் ட்ரீம் ஆஃப் இந்தியா’ டபுள்ஸ் ஆட்டக்காரர்களுக்காகவே நடக்கும் திட்டம், அதையும் விசாரித்து வையுங்கள்.

2. மூன்று பதிவுகளை ஒரே வாரத்தில் முடித்துவிடுங்கள்

ஐபின்: ஐடிஎஃப் தளத்தில் பதிவு செய்து வாங்கும் ஆட்டக்காரர் அடையாள எண். இது இல்லாமல் எந்தப் போட்டிக்கும் பெயர் கொடுக்க முடியாது. ஆண்டுக் கட்டணம் நூறு டாலருக்குள். வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் பெயர் எப்படி இருக்கிறதோ, எழுத்துப் பிசகாமல் அப்படியே கொடுங்கள். நம் ஊரில் இனிஷியல் ஒரு இடத்தில் முன்னால், ஒரு இடத்தில் பின்னால், ஒரு இடத்தில் அப்பா பெயராக விரிந்து நிற்கும். விசா மையத்தில் இதுவே பெரிய தலைவலி ஆகும்.

நேர்மைப் பயிற்சி: சூதாட்டத் தடை, மேட்ச் ஃபிக்சிங் பற்றிய இணையப் பாடம். ஒன்றிரண்டு மணி நேர வேலை. இதை முடிக்காவிட்டால் பெயர் கொடுக்கும் இடத்திலேயே கணினி நிறுத்திவிடும். கடைசி நாளில் உட்காராதீர்கள்.

பாஸ்போர்ட்: 36 பக்கம் வேண்டாம். 60 பக்கப் புத்தகம் கேளுங்கள், சாதாரண விண்ணப்பத்தில் 2,000 ரூபாய், வித்தியாசம் ஐந்நூறுதான். பக்கம் தீர்ந்து நடுவில் புதுப் பாஸ்போர்ட்டுக்கு அலைந்தால் ஒரு மாதப் போட்டி போய்விடும்.

3. ஜோடி

முழு வழிகாட்டியிலும் இந்தப் பகுதியைத்தான் நிதானமாகப் படிக்கச் சொல்வேன்.

முதலில் பக்கம். நீங்கள் டியூஸ் பக்கம் (கோர்ட்டின் வலது பாதி) ரிட்டர்ன் ஆடுபவரா, அட்வான்டேஜ் பக்கமா (இடது பாதி)? ‘இரண்டும் ஆடுவேன்’ என்று சொல்பவரை யாரும் நம்பிக் கூப்பிடுவதில்லை. ஐடிஎஃப் சுற்றிலும், அதற்கு மேலே உள்ள ஆண்கள் சுற்றான ஏடிபியிலும் டபுள்ஸில் நோ-ஆட் முறை, அதாவது 40-40 வந்தால் ஒரே புள்ளி. அந்தப் புள்ளியை எந்தப் பக்கத்தில் வாங்குவது என்று ரிட்டர்ன் ஆடும் ஜோடி முடிவு செய்யும். செட் ஒன்றுக்கு ஒன்று என்றானால் மூன்றாவது செட் கிடையாது, பத்துப் புள்ளி டைபிரேக். மொத்த ஆட்டமே ஒரு மணி நேரம், ஒன்றேகால் மணி நேரம். இதில் நான்கைந்து புள்ளிதான் முடிவைத் தீர்மானிக்கிறது. அந்த 40-40-இல் நான் வாங்குகிறேனா நீ வாங்குகிறாயா என்று கோர்ட்டில் நின்று பேசிக்கொண்டிருக்கக் கூடாது.

இரண்டாவது, அவர் சிங்கிள்ஸும் ஆடுகிறாரா என்பது. எம்15-இல் பெரும்பாலோர் இரண்டும் ஆடுவார்கள். அவர்களுக்கு டபுள்ஸ் இரண்டாம்பட்சம், அதில் தப்பில்லை. ஆனால் அதன் விளைவு உங்கள் தலையில் விழும். அன்டால்யாவில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஜோடி முந்தைய வாரம் வேறு ஊரில் ஆடிக்கொண்டிருந்தார். ஞாயிறு இரவு பதினொரு மணிக்கு போன் வந்தது. “மச்சி, மழையில ஃபைனல் நாளைக்குத் தள்ளிப்போச்சு. ஃபிளைட் மாத்த முடியல. நீ வேற யாரையாவது பாத்துக்கோ.” அவரைக் குறை சொல்ல முடியுமா? அது அவருடைய முதல் சிங்கிள்ஸ் ஃபைனல். மறுநாள் காலை சாப்பாட்டுக் கூடத்தில் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு மேசையாகப் போய், “டபுள்ஸ் ஜோடி இருக்கிறதா?” என்று கேட்டேன். ஆறாவது மேசையில் ஒரு செர்பியப் பையன், பதினெட்டு வயது இருக்கும், வாயில் ரொட்டியோடு தலையாட்டினான். இருவர் எண்ணும் சேர்த்தால் உள்ளே போகும் எண் இல்லை. ஆல்டர்நேட் பட்டியலில், அதாவது யாராவது விலகினால் உள்ளே போகும் காத்திருப்புப் பட்டியலில், மூன்றாவது இடம். இரண்டு நாள் ஷூ கட்டிக்கொண்டு காத்திருந்தோம், இடம் விழவில்லை. அந்த வாரம் ஒரு பந்துகூட ஆடாமல் அறை வாடகை மட்டும் கொடுத்தேன்.

அதன் பிறகு நான் கடைப்பிடித்தவை: ஒவ்வொரு வாரத்துக்கும் இரண்டாவது ஆள் ஒருவரிடம் முன்பே பேசி வைப்பது, அதை முதல் ஆளிடம் மறைக்காமல் சொல்லிவிடுவது. நான்கு வாரத்துக்குச் சேர்த்து ஒப்புக்கொள்பவருக்கு முன்னுரிமை கொடுப்பது. ‘உனக்கு இன்னும் நல்ல எண்ணில் ஆள் கிடைத்தால் என்ன செய்வாய்?’ என்பதை முதல் உரையாடலிலேயே கேட்டுவிடுவது. கேட்கக் கூச்சமாக இருக்கும், கேளுங்கள். டபுள்ஸில் மேலே போகப் போக ஜோடி மாறுவது சாதாரணம், யாரும் பகையாக எடுத்துக்கொள்வதில்லை. சொல்லாமல் மாறுவதைத்தான் மறக்க மாட்டார்கள், சுற்றில் எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள்.

ஜோடி நிலைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. ஜீவன் நெடுஞ்செழியனும் விஜய் சுந்தர் பிரசாந்தும் 2024 செப்டம்பரில் சீனாவின் ஹாங்சோவில் ஏடிபி 250 பட்டத்தை வென்றார்கள். இருவருமே தமிழ்நாட்டுக்காரர்கள், இருவருமே முப்பது வயதைத் தாண்டியவர்கள். போபண்ணா 43 வயதில், 2024 ஜனவரியில், ஆஸ்திரேலியாவின் மேத்யூ எப்டனோடு ஆஸ்திரேலிய ஓப்பனை வென்று முதலிடம் பிடித்தார். டபுள்ஸில் வயது அவசரப்படுத்தாது. உங்களுக்கு 24 ஆகிவிட்டது என்று யாராவது கை விரித்தால் இதைச் சொல்லுங்கள்.

பணம் பற்றியும் எழுதி வையுங்கள், வாட்ஸ்அப்பில் நான்கு வரி போதும். பரிசு பாதிக்குப் பாதி. அறை பாதிக்குப் பாதி. ஒருவர் தாமதமாக விலகி அபராதம் வந்தால் அது அவர் பொறுப்பு. பயிற்சிப் பந்து மாறி மாறி.

4. கூட்டு எண்ணை வைத்து வாரத்தைத் தேர்ந்தெடுங்கள்

எம்15, எம்25 டபுள்ஸ் டிராவில் (யார் யாரோடு மோதுவது என்ற பட்டியல்) 16 ஜோடிகள். இருவர் தரவரிசையையும் கூட்டி, குறைந்த எண்ணிலிருந்து உள்ளே எடுப்பார்கள். பல போட்டிகளில் சிங்கிள்ஸ் எண், டபுள்ஸ் எண் இரண்டில் எது நல்லதோ அதைக் காட்டலாம். இங்கேதான் டபுள்ஸ் மட்டும் ஆடுபவர் அடி வாங்குகிறார். உங்களுக்கு டபுள்ஸில் 900, ஜோடிக்கு 800, கூட்டினால் 1,700. சிங்கிள்ஸில் 500-இல் இருக்கும் இருவர் கடைசி நேரத்தில் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் 1,000. நீங்கள் வெளியே.

அதனால் போட்டிக்குப் பெயர் கொடுக்கும் முன், அதே ஊரில் சென்ற வருடமும் சென்ற மாதமும் கடைசியாக உள்ளே போன ஜோடியின் கூட்டு எண் என்ன என்று பாருங்கள். டிரா ஐடிஎஃப் தளத்திலேயே கிடைக்கும், ஒவ்வொருவர் தரவரிசையையும் தேடிக் கூட்டினால் போதும். நான் ஒரு எக்செல் தாளில் நாற்பது வாரத்துக்குப் போட்டு வைத்தேன். எம்25-க்கு அடுத்த படியான சேலஞ்சர் போட்டிகளில் பெரியவை நடக்கும் வாரங்களில், கீழே இருக்கும் போட்டிகளில் கட்-ஆஃப் (கடைசியாக உள்ளே போகும் கூட்டு எண்) தளர்கிறது, விடுமுறைக் காலத்தில் கூட்டம் கூடுகிறது. இதெல்லாம் அந்தத் தாளில் பளிச்சென்று தெரிந்தது.

எண்ணே இல்லாதவர்களுக்கு இந்தியப் போட்டிகள்தான் வாசல். தரவரிசை பார்க்காமல் போட்டி நடத்துபவர்கள் தரும் இடமான வைல்டு கார்டு கேட்பதற்கு மாநில, தேசிய டென்னிஸ் சங்கங்களுக்கு முன்கூட்டியே எழுத வேண்டும். வெறுமனே ‘வாய்ப்புத் தாருங்கள்’ என்று எழுதாமல் ஜோடியின் பெயர், தேசியத் தரவரிசை, கடைசி ஆறு மாத முடிவுகளைச் சேர்த்து எழுதுங்கள். முதல் சுற்றில் ஜெயித்தால்தான் புள்ளி. எம்15 பட்டத்துக்கு 15, எம்25 பட்டத்துக்கு 25. ஒவ்வொரு புள்ளியும் 52 வாரம் இருக்கும், பிறகு விழுந்துவிடும். சென்ற மார்ச்சில் வாங்கியது இந்த மார்ச்சில் போகும் என்பதை அதே எக்செல் தாளில் குறித்து வையுங்கள்.

தேதிகள்: சிங்கிள்ஸுக்குப் பெயர் கொடுக்கும் கடைசி நேரம், போட்டி தொடங்கும் திங்கட்கிழமைக்கு 18 நாள் முன்னால் வரும் வியாழன், கிரீன்விச் நேரம் பிற்பகல் 2 மணி. நமக்கு இரவு 7.30. அபராதம் இல்லாமல் விலகக் கடைசி நேரம் அடுத்த செவ்வாய், அதே 7.30. டபுள்ஸ் மட்டும் ஆடுபவருக்கும் இந்தத் தேதி ஏன் தேவை என்பது விசா பகுதியில் வரும். டபுள்ஸுக்கான நேரம் ஒவ்வொரு போட்டியின் ஃபாக்ட் ஷீட்டிலும் (போட்டி விவரத் தாள்) தனியாக இருக்கும். ஃபாக்ட் ஷீட்டை அச்செடுத்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்: பந்து எந்த பிராண்ட், அதிகாரப்பூர்வ ஓட்டல் எது, ஸ்ட்ரிங் கூலி எவ்வளவு, பரிசை எப்படித் தருவார்கள் எல்லாம் அதில் இருக்கிறது.

5. விசா: டபுள்ஸ் ஆட்டக்காரருக்கு மட்டும் உள்ள சிக்கல்

சிங்கிள்ஸ் ஆடுபவர் தன் பெயர் வந்த பட்டியலைத் தூதரகத்தில் காட்டலாம். நமக்கு டபுள்ஸ் பட்டியல் முடிவாவதே கடைசி நாட்களில். ‘நீங்கள் இந்தப் போட்டியில் ஆடுவதற்கு என்ன ஆதாரம்?’ என்று கேட்டால் கையில் ஒன்றும் இருக்காது. எனக்கு ஒரு விசா இதனால்தான் மறுக்கப்பட்டது.

அடுத்த முறை நான் வைத்த தாள்கள் இவை: தேசியச் சங்கத்தின் கடிதம், அதில் மூன்று போட்டிகளின் பெயரும் தேதியும். போட்டி இயக்குநருக்கு மின்னஞ்சல் எழுதி வாங்கிய அழைப்புக் கடிதம். ஐபின் பக்கமும் தரவரிசைப் பக்கமும். அதே போட்டிகளின் சிங்கிள்ஸ் தகுதிச் சுற்றுக்கும் பெயர் கொடுத்ததற்கான சான்று. ஆறு மாத வங்கிக் கணக்கு, வருமான வரி ரிட்டர்ன், செலவு ஏற்பது அப்பா என்றால் அவருடைய உறுதிக் கடிதம். 30,000 யூரோவுக்குக் குறையாத பயண மருத்துவக் காப்பீடு. இவற்றோடு ஒரு பக்கக் கடிதத்தில், டபுள்ஸ் பட்டியல் ஏன் தாமதமாக வருகிறது என்று நானே விளக்கி எழுதினேன். விசா கிடைத்தது.

ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவின் கட்டணம் 90 யூரோ, மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிவு 15 நாளில் வர வேண்டும், சில வேளை 45 நாள் வரை இழுக்கும். கோடையில் விசா மையத்தில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே கடினம், ஏப்ரல் களிமண் போட்டிக்கு ஜனவரியிலேயே போய்விடுங்கள். 180 நாளில் 90 நாளுக்கு மேல் தங்கக் கூடாது, நாட்களை எண்ணிக்கொண்டே இருங்கள். மூன்று வருடத்துக்குள் இரண்டு ஷெங்கன் விசாவை ஒழுங்காகப் பயன்படுத்திய இந்தியர்களுக்கு இரண்டு வருட விசா தரும் முறை 2024 ஏப்ரலில் வந்தது. ஆகவே முதல் இரண்டு விசாவையும் தேதி பிசகாமல் பயன்படுத்துங்கள், பலன் பெரியது. செல்லுபடியாகும் ஷெங்கன் அல்லது அமெரிக்க விசா இருந்தால் துருக்கிக்கு இ-விசா எடுத்துவிடலாம்.

விசா கைக்கு வரும் முன் ரத்து செய்ய முடியாத டிக்கெட் வாங்காதீர்கள்.

6. போட்டி ஊரில்

சைன்-இன் (டபுள்ஸுக்கு நேரில் பெயர் எழுதுவது) முடியும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே, போட்டியை மேற்பார்க்கும் சூப்பர்வைசரின் மேசைக்குப் போங்கள். பட்டியலில் எந்தெந்த ஜோடி எழுதியிருக்கிறது என்று பார்த்துக் கூட்டிப் பாருங்கள். உள்ளே வர மாட்டீர்கள் என்று தெரிந்தால், அந்த ஒரு மணி நேரத்தில் இன்னும் நல்ல எண் உள்ள, ஜோடி கிடைக்காத ஆள் யாராவது இருக்கிறாரா என்று இருவரும் சேர்ந்து பேசி முடிவெடுக்கலாம். ஆல்டர்நேட்டாக இருந்தால் முதல் சுற்று முடியும்வரை இடத்தை விட்டு நகராதீர்கள். சிங்கிள்ஸ் தோற்றவர்கள் காயம் என்று சொல்லிக் கிளம்பும்போதுதான் இடம் விழும்.

ராக்கெட் நான்கு வேண்டும், மூன்று இருந்தாலும் பரவாயில்லை. ஸ்ட்ரிங் ரீல் ஊரிலிருந்தே கொண்டுபோங்கள்.

7. மருந்துப் பெட்டி

ஊக்கமருந்துச் சோதனை எம்15-இலும் வரலாம். சளி மாத்திரைகளில் சூடோஎஃபெட்ரின் இருந்தால் போட்டி நாட்களில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் அது குற்றம். மூட்டு வலிக்கு டாக்டர் போடும் ஸ்டீராய்டு ஊசிக்கும் போட்டிக் காலத்தில் தடை, மருத்துவ விலக்கு வாங்காமல் போடாதீர்கள். வீட்டில் கட்டிக் கொடுக்கும் லேகியம், சூரணம், கடையில் விற்கும் புரோட்டீன் பொடி எதிலும் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாதபோது வாயில் வைக்காதீர்கள். சோதனையில் பிடிபட்டால், தெரியாமல் சாப்பிட்டேன் என்பது காப்பாற்றாது.

8. பரிசுப்பணமும் வரியும்

பரிசைக் கொடுக்கும்போதே அந்த நாட்டு வரியைப் பிடித்துவிடுவார்கள். அமெரிக்காவில் பொதுவாக 30 சதவீதம். பிடித்ததற்கான தாளை ஊரை விட்டுக் கிளம்பும் முன் கையில் வாங்குங்கள், பிறகு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டால் பதில் வருவது அபூர்வம். இந்தியாவில் வசிப்பவர் உலகம் முழுக்கச் சம்பாதித்ததையும் இங்கே கணக்குக் காட்ட வேண்டும். வெளிநாட்டில் கட்டிய வரியை இங்கே கழித்துக்கொள்ளத் தனிப் படிவம் உண்டு, அதற்கு அந்தத் தாள்தான் ஆதாரம். பயிற்சி, பயணம், ஸ்ட்ரிங் எல்லாச் செலவுக்கும் ரசீது வையுங்கள். பல வருடம் வருமானத்தைவிடச் செலவு அதிகமாக இருக்கும், அதைத் தெரிந்த ஆடிட்டர் ஒருவரிடம் முதல் வருடமே போய்விடுங்கள்.

அமெரிக்கக் கல்லூரி ஸ்காலர்ஷிப் ஆசை இருந்தால், முதல் பரிசுப்பணத்தை வாங்கும் முன் கல்லூரி விளையாட்டு விதிகளைப் படியுங்கள். வாங்கிய தொகை தகுதியைப் பாதிக்கலாம்.

9. சேலஞ்சருக்கு எப்போது போவது

அடுத்த படி ஏடிபி சேலஞ்சர்: 50, 75, 100, 125, 175 என்ற நிலைகள். டபுள்ஸில் 16 ஜோடி. பெயர் கொடுப்பது ஐடிஎஃப் தளத்தில் இல்லை, ஏடிபியின் பிளேயர்ஸோன் தளத்தில். அதற்குத் தனிப் பதிவு வேண்டும், முன்பே செய்து வையுங்கள். நம் ஆட்களுக்கு நல்ல வாய்ப்பு பிப்ரவரியை ஒட்டி சென்னை, பெங்களூரு, டெல்லி, புனே என்று இந்தியாவிலேயே நடக்கும் சேலஞ்சர்கள். விசா இல்லை, டிக்கெட் ரயில் விலையில். சென்னையில் நுங்கம்பாக்கம் டென்னிஸ் ஸ்டேடியம். இந்த வாரங்களுக்கான ஜோடியை முந்தைய நவம்பரிலேயே பேசி முடித்துவிட வேண்டும், ஜனவரியில் கேட்டால் நல்ல ஆட்கள் எல்லோரும் போயிருப்பார்கள். பல சேலஞ்சர்களில் ஆட்டக்காரருக்கு அறை தருகிறார்கள், டபுள்ஸ் மட்டும் ஆடுபவருக்கு எத்தனை இரவு என்பதை ஃபாக்ட் ஷீட்டில் பார்த்துவிட்டுத் திரும்பும் டிக்கெட்டைப் போடுங்கள்.

நான் கண்ட அளவில், தனியாக உங்களுக்கு 500-க்குள் எண் வந்ததும், 300-இல் இருக்கும் ஒருவர் உங்களோடு ஆட ஒப்புக்கொண்டால் இந்திய சேலஞ்சர்களை முயன்று பார்க்கலாம். அதற்கு முன் எம்25-களை விட்டுவிடாதீர்கள். சேலஞ்சரில் முதல் சுற்றில் நான்கு வாரம் தொடர்ந்து தோற்பதைவிட எம்25-இல் ஒரு ஃபைனல் உங்கள் எண்ணை அதிகம் நகர்த்தும். கிராண்ட்ஸ்லாம் ஆண்கள் டபுள்ஸ் 64 ஜோடி, நேரடியாக உள்ளே போக இருவர் எண்ணும் சராசரியாக ஏறத்தாழ 70-க்குள் இருக்க வேண்டும். அந்த எண்ணையும் எக்செல் தாளின் கடைசி வரியில் எழுதி வையுங்கள். வியாழன் இரவு 7.15-க்குப் போனில் அலாரம் வைத்துவிட்டு, நாளைக்கே முதல் ஜோடிக்கு மெசேஜ் அனுப்புங்கள்.